லோடு இறங்கும் அந்தக் கால் மணி நேரம்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் மணலியில் ஒரு ரசாயன ஆலையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

வழக்கமாக நம் பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேர்வதே பெரும்பாடு. செயலாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கும். இன்றைக்கு நாற்காலி பற்றாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கிறீர்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் பி பிளாக் பேஸ்மென்டில் நடந்தது.

என்னை ஒரு பத்து நிமிடம் ரசாயனப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அஜெண்டாவில் நான்காவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. எஸ்டிபி ஆபரேட்டரை நீக்குவது, ஹைப்போ சப்ளை செய்பவரை மாற்றுவது. அதற்கு ஓட்டுப் போடுவதற்கு முன்னால் அன்று என்ன நடந்தது என்பதை முழுமையாகக் கேளுங்கள். நான் அந்த ஆபரேட்டர் தம்பியோடும், டெலிவரி கொண்டுவந்த டிரைவரோடும், கேட்டில் இருந்த செக்யூரிட்டியோடும் உட்கார்ந்து பேசினேன்.

காலை எட்டரை மணி. ஸ்கூல் வேன்கள் வரிசையாக நிற்கிற நேரம். தண்ணீர் லாரி ஒன்று உள்ளே இருந்தது. அப்போது குட்டி யானையில் லோடு வந்தது. 35 லிட்டர் நீலக் கேன்கள், மொத்தம் 14. அதில் 12 கேன் ஹைப்போ, 2 கேன் ஆசிட். ஹைப்போ என்று நாம் சுருக்கிச் சொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட். தண்ணீரிலும் எஸ்டிபியிலும் கிருமி கொல்வதற்கு. ஆசிட் நீச்சல் குளத்துக்கும், பார்க்கிங் தரையில் கறை எடுப்பதற்கும். இரண்டும் ஒரே நிறக் கேன், ஒரே மூடி, ஒரே அளவு. ஆசிட் கேன்களில் ஒட்டியிருந்த லேபிள் ஒன்று பாதி கிழிந்திருந்தது, மற்றொன்றில் லேபிளே இல்லை.

கேட்டிலேயே வண்டியை அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள். பிறகு உள்ளே விடும்போது, "சீக்கிரம் இறக்கிட்டுக் கிளம்புப்பா, வாட்ஸப்ல கத்துறாங்க" என்று செக்யூரிட்டி சொல்லியிருக்கிறார். உண்மைதான். அன்று காலை 8.41-க்கு நம் குரூப்பில் "கூட்ஸ் வண்டி ஏன் டிரைவ்வேயில் நிற்கிறது" என்று ஒரு மெசேஜ், அதற்குக் கீழே ஒன்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறோம். சலானில் கையெழுத்துப் போட்டது ஆபீஸ் பையன், கேட்டிலேயே, கேன்களைப் பார்க்காமல். ஹெல்ப்பர் பதினான்கு கேன்களையும் டிராலியில் தள்ளிக்கொண்டு போய் ஹைப்போ டேங்கின் பக்கத்திலேயே வரிசையாக இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேட்டர் தம்பிக்கு ஒடிசா. ஹைப்போ வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள், வந்திருந்தது. கிட்டே இருந்த கேனைத் திறந்து டேங்கில் சாய்த்தார். அது ஆசிட். ஒரு சொம்பு அளவுதான் விழுந்திருக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்த புகை கிளம்பியது. அவர் செய்த மிக நல்ல காரியம் என்ன தெரியுமா? கேனை நிமிர்த்தி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ராம்ப் வழியாக மேலே ஓடினார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருந்தார். இப்போது நலமாக இருக்கிறார், இருமல் மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

ஒரு சொம்புக்கே இப்படி என்றால், முழுக் கேனும் கவிழ்ந்திருந்தால்? கணக்கு ஒன்று சொல்கிறேன். நமக்கு வரும் ஹைப்போவில் ஏறத்தாழ 10 சதவீதம் குளோரின் இருக்கிறது. ஒரு லிட்டர் ஹைப்போ முழுவதும் ஆசிட்டோடு சேர்ந்தால் சுமார் 100 கிராம் குளோரின் வெளிவரும். வாயுவாக அது 34 லிட்டர். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரமுள்ள ஒரு மூடிய அறையில் அது பரவினால் காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு ஆகும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்சார் நலத் துறையினர் வைத்திருக்கிற அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. அதாவது ஒரே ஒரு லிட்டர், முப்பது மடங்கு. அன்று நம் டேங்கில் பாதிக்கு, ஏறக்குறைய 100 லிட்டர் இருந்தது. கையில் இருந்த கேனில் அதில் பெரும்பகுதியை வாயுவாக்கப் போதுமான ஆசிட் இருந்தது. 10 கிலோ குளோரினை நெருங்கியிருக்கும்.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். பேஸ்மென்ட், லிஃப்ட் குழி, சம்ப், டிரெயின். நம் பேஸ்மென்ட் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அன்று ஓடவில்லை. கரண்ட் பில்லைக் குறைக்கக் காலை ஒன்பதரைக்கு மேல்தான் ஓடட்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் முடிவெடுத்தோம். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தொழில் தெரிந்தவன் நானே தூக்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் ஆச்சிசன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தானியத்திலிருந்து மதுவகைகளும் ஸ்டார்ச்சும் தயாரிக்கும் எம்ஜிபிஐ என்ற ஆலை. 2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, சல்ஃப்யூரிக் ஆசிட் டேங்கர் ஒன்று லோடு இறக்க வந்தது. ஆலை ஊழியர் வந்து, ஆசிட் குழாயின் பூட்டைத் திறந்துவிட்டு, டிரைவருக்கு இடத்தைக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த ஆசிட் குழாய்க்கு ஒன்றரை அடி தள்ளி இன்னொரு குழாய். அது ஹைப்போ டேங்குக்குப் போவது. அதுவும் பூட்டாமல் இருந்தது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தன. டேங்கரின் ஹோஸ் இரண்டிலும் பொருந்தும். எது எது என்று தெளிவாக எழுதியும் இல்லை. டிரைவர் ஹைப்போ குழாயில் மாட்டினார்.

சுமார் 15,000 லிட்டர் ஆசிட் ஹைப்போ டேங்குக்குள் போனது. குளோரின் மேகம் எழுந்து ஊருக்குள் நகர்ந்தது. வால்வை மூடப் போக டிரைவரால் முடியவில்லை, புகை அங்கேதான் இருந்தது. ஆலையின் கண்ட்ரோல் ரூமுக்குள் காற்றோட்டக் குழாய் வழியாகவே வாயு வந்துவிட்டது. ஊரில் ஏறத்தாழ 11,000 பேரைக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள், சுமார் 1,000 பேரை வெளியேற்றினார்கள். 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடிப் போனார்கள்.

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது என்னவென்றால், "டிரைவர் கவனக்குறைவு" என்று எழுதிப் பைலை மூடிவிடவில்லை. ஏன் இரண்டு குழாயும் ஒரே அளவில் இருந்தன, ஏன் அருகருகே இருந்தன, ஏன் பூட்டு இல்லை, ஏன் கூட ஆள் நிற்கவில்லை, ஏன் தூரத்திலிருந்து டேங்கரை நிறுத்த ஒரு ஸ்விட்ச் இல்லை என்று கேட்டார்கள். அவசரத்தில் இருக்கும் ஒரு மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அந்தத் தவறுக்கு வழி திறந்து வைத்திருந்தது யார் என்பதுதான் அவர்கள் கேள்வி.

நம் பேஸ்மென்டை அந்தக் கேள்விகளோடு ஒரு முறை சுற்றி வாருங்கள். ஒரே நிறக் கேன், ஒரே இடம், கூட ஆள் இல்லை, பூட்டு இல்லை, ஓடாத ஃபேன். ஆச்சிசனில் டேங்கர், இங்கே குட்டி யானை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தம்பியை அனுப்பிவிட்டு அடுத்து ஒருவரை வைத்தால், அவர் கையிலும் அதே நீலக் கேனைத்தான் கொடுக்கப் போகிறோம். இவருக்காவது இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

ஆலைகளில் ஒரு பழக்கம் உண்டு. மாதக்கணக்கில் டேங்கில் சும்மா இருக்கும் பொருளைப் பார்த்து நாங்கள் அவ்வளவு பயப்பட மாட்டோம். லோடு இறங்குகிற கால் மணி நேரம்தான் பயம். வெளி ஆள் வருகிறார், இடம் அவருக்குப் புதிது, மூடியிருந்தது திறக்கிறது, எல்லோருக்கும் அவசரம். நம் சென்னையிலேயே 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் அமோனியா கசிந்தது ஞாபகம் இருக்கும். உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் வரும் அமோனியாவை இறக்குவதற்காகக் கடலுக்கடியில் போகும் குழாயை முன்கூட்டியே குளிர்வித்துத் தயார் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. லோடு இன்னும் இறங்கவே ஆரம்பிக்கவில்லை. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்னாலேயே தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில், ஆசிட் நமக்கு வேண்டுமா என்று கேட்போம். தரைக் கறைக்குச் சோப்புத் தூளும் பிரஷ்ஷும் போதும், கொஞ்சம் முதுகு வலிக்கும். நீச்சல் குளத்துக்கு மட்டும் அவ்வப்போது தேவைப்படும். அதற்கு மாதம் இரண்டு கேன் எதற்கு? சிறிய அளவில் வாங்கிக் குளத்துப் பம்ப் ரூமில் பூட்டி வைக்கலாம். பேஸ்மென்டுக்கு ஆசிட் வரவே கூடாது. ஹைப்போவும் ஆசிட்டும் ஒரே வண்டியில், ஒரே நாளில் வரக் கூடாது. இதைச் சப்ளை செய்பவருக்கு ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். லேபிள் இல்லாத கேன் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் திருப்பி அனுப்பப்பட வேண்டும். சப்ளையரை மாற்றுவதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. புதியவரும் இதே நிபந்தனையில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவே.

இதில் யாரும் சந்தேகப்படாத ஒரு பொருள் இருக்கிறது. எஸ்டிபியில் கசடைத் திரட்டப் போடுகிற பாலி அலுமினியம் குளோரைடு, பிஏசி என்பார்கள். பெயரில் ஆசிட் இல்லை, ஆனால் கரைசலில் அமிலத்தன்மை உண்டு. ஹைப்போவில் கலந்தால் இதுவும் குளோரினைக் கிளப்பும். ஜப்பானில் நீச்சல் குளங்களில் இவை இரண்டையும் மாற்றி ஊற்றிய விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. ஆகவே பிஏசி டிரம்மும் ஹைப்போ பக்கத்தில் இருக்கக் கூடாது. அதேபோல் குளத்துக்குப் போடும் குளோரின் பவுடர் அள்ளிய கரண்டியை வேறெந்தப் பவுடரிலும் திரவத்திலும் போடாதீர்கள். சில குளோரின் வகைகள் ஒன்றோடொன்று கலந்தாலே வெடிக்கும்.

அடுத்தது டேங்க். ஹைப்போ டேங்கின் மூடிக்குப் பூட்டு. சாவி ஆபரேட்டரிடம் ஒன்று, ஆபீஸில் ஒன்று. டேங்கிலும் கேனிலும் ஒரே மஞ்சள் பட்டை. பெயர் தமிழிலும் இந்தியிலும், ஆபரேட்டர் படிக்கத் தெரிந்த மொழியிலும் பெரிய எழுத்தில். இதுவரை ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்திருந்தோம். யாருக்காக எழுதி வைத்திருந்தோம் என்று தெரியவில்லை, அந்த அறைக்கு நம்மில் எவரும் போவதே இல்லை.

கேனுக்குள் இருப்பது எது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முகர்ந்து பார்ப்பது இல்லை. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், எங்கள் ஆலையில் பழைய ஆட்கள் செய்வார்கள், அவர்களில் பலருக்கு மூக்கு போய்விட்டது. பிஎச் பேப்பர் என்று சின்னப் புத்தகம் மாதிரி லேப் சாமான் கடைகளில் கிடைக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒரு குச்சியால் ஒரு சொட்டு எடுத்துக் காகிதத்தில் வையுங்கள். ஆசிட் என்றால் சிவக்கும். ஹைப்போ என்றால் முதலில் நீலமாகி, பிறகு நிறமே வெளுத்துப் போகும். கேன் ஒன்றுக்கு ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைச் சலானோடு பின் அடித்து வைக்க வேண்டும். கையெழுத்தை விட அது நம்பகமான சாட்சி.

டெலிவரி நேரத்தை மாற்ற வேண்டும். காலை 11 முதல் 12 வரை. ஸ்கூல் வேன் இல்லை, ஆபீஸ் வண்டி இல்லை. அந்த ஒரு மணி நேரம் பி பிளாக் ராம்ப் மூடியிருக்கும். லோடு வருவதற்குக் கால் மணி முன்னால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட ஆரம்பித்து, முடிந்த பின்னும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஆபரேட்டரோடு இன்னொருவர் நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் அறைக்கு வெளியே, ஆனால் பார்வை படும் தூரத்தில். டிரைவரை யாரும் விரட்டக் கூடாது. இதற்காக அன்றைக்கு வாட்ஸப்பில் யாராவது கத்தினால், அந்த மெசேஜுக்குக் கட்டைவிரல் தூக்காமல் இருப்பதே நீங்கள் செய்யும் பாதுகாப்பு உதவி.

ஹைப்போவை வெயிலில் இறக்கி வைப்பது இன்னொரு பிரச்சினை. சூட்டில் அது சிதைந்து ஆக்சிஜனை விடும், மூடி இறுகியிருந்தால் கேன் உப்பிக்கொள்ளும். உப்பிய கேனை யாரும் திறக்க வேண்டாம்.

இப்போது, இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் வாசனை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குளோரினின் நெடி எல்லோருக்கும் தெரியும், நீச்சல் குள வாசனையைப் பத்து மடங்கு காட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். கண் எரியும், தொண்டை அடைக்கும். பேஸ்மென்டில் இருந்தால் ராம்ப் வழியாகவோ படி வழியாகவோ மேலே, காற்று வரும் திசையைப் பார்த்து. காரை எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். லிஃப்டில் ஏறாதீர்கள், அதன் குழி பேஸ்மென்டில்தான் முடிகிறது. மேல் மாடிகளில் இருப்பவர்கள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கீழே இறங்க வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, ஏசியையும் எக்ஸாஸ்டையும் நிறுத்தி, வீட்டிலேயே இருங்கள். இந்த வாயுவுக்கு உயரம் உங்களுக்குச் சாதகம்.

போன மாதம் என்னை உண்மையில் நடுங்க வைத்தது ஆபரேட்டர் மேலே ஓடி வந்தது அல்ல. அவர் மேலே வந்த அதே நேரத்தில் இரண்டு பேர் கீழே போனார்கள். ஒருவர் செக்யூரிட்டி. மற்றவர் நம்மில் ஒருவர், எல்லோருக்கும் முதல் ஆளாக உதவிக்கு ஓடுகிறவர், அவரே அனுமதி கொடுத்ததால் சொல்கிறேன். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு போனார். சார், கைக்குட்டை, துணி மாஸ்க், கொரோனா நேரத்து என்95, எதுவும் வாயுவைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தப்பித்து வெளியே வருவதற்கு உதவும், உள்ளே போவதற்கு அல்ல. உள்ளே யாராவது விழுந்திருந்தால் கூட, மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையினர்தான் போக வேண்டும். சொல்லும்போது கல் நெஞ்சம் மாதிரி இருக்கும். செப்டிக் டேங்க், எஸ்டிபி தொட்டி விபத்துகளை நினைத்துப் பாருங்கள். முதலில் இறங்கியவர் ஒருவர், அவரைக் காப்பாற்ற இறங்கி இறந்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேர். பத்திரிகையில் இந்தச் செய்தியை எத்தனை தடவை படித்துவிட்டோம்.

வெளியே வந்தவரைத் திறந்த காற்றில் உட்கார வையுங்கள். மேலே பட்டிருந்தால் உடையைக் கழற்றிவிட்டு, தோலையும் கண்ணையும் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்காகத்தான் ஹைப்போ அறைக்கு வெளியே ஒரு ஷவரும் குழாயும் கேட்டிருக்கிறேன். பால் கொடுப்பது, எலுமிச்சை கொடுப்பது எல்லாம் வேண்டாம். "இப்ப சரியாயிடுச்சு" என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். குளோரின் உள்ளே போனவருக்குப் பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். தம்பியை ஒரு ராத்திரி வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான். பில் அதிகம் என்று ஒருவர் கேட்டார், அவருக்கும் இதுவே பதில்.

போன் செய்ய வேண்டிய எண்கள்: தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, எதற்கும் 112. போன் செய்யும்போது "ஏதோ கேஸ்" என்று சொல்லாமல் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். ஹைப்போவுக்கு உலகம் முழுதும் ஓர் எண் உண்டு, 1791. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு 1789. டேங்கர் லாரிகளின் பின்னால் ஒரு பலகையில் நான்கு இலக்க எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. சமையல் எரிவாயு 1075, டீசல் 1202, அமோனியா 1005. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு டேங்கர் கவிழ்ந்ததே, அப்படி ஒன்று நம் சாலையில் நடந்தால், கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே அந்த எண்ணைப் படித்துச் சொன்னாலே வருகிறவர்கள் சரியான சாமானோடு வருவார்கள். நம் குட்டி யானையில் அப்படிப் பலகை எதுவும் இல்லை. அதனால் இந்த எண்களை செக்யூரிட்டி அறையில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

டீசலும் கேஸும் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம். இப்போதைக்கு இரண்டே விஷயம். ஜெனரேட்டருக்கு டீசல் வண்டி வரும்போது, எர்த் ஒயர் மாட்டாமல் ஹோஸைத் திறக்க விடாதீர்கள். சிலிண்டர் வாங்கும்போது, டெலிவரி செய்பவர் சீலை உடைத்து வாஷர் கசிகிறதா என்று பார்த்துக் காட்டும்வரை அவரை அனுப்பாதீர்கள். கசிவு என்றால் 1906, எந்த நேரமும்.

வீட்டுக்குள்ளும் ஒரு டெலிவரி நடக்கிறது. சைக்கிளில் வந்து "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று விற்பவரிடம் வாங்கிப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று வரும் என்று ஒரு நம்பிக்கை. பாத்ரூம் என்பது சின்ன பேஸ்மென்ட். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காக்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சொல்லும்போது அவர்களுக்குப் புரியும்படி, "இரண்டையும் சேர்த்தா மூச்சு முட்டும்" என்று.

இவ்வளவுக்கும் செலவு எவ்வளவு என்று பொருளாளர் என்னைப் பார்க்கிறார். பூட்டு, பெயிண்ட், பிஎச் பேப்பர், ஒரு ஷவர், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஃபேன். எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வருஷம் தீபாவளி விளக்கு அலங்காரத்துக்கு ஆனதைவிடக் குறைவு.

அடுத்த லோடு வருகிற புதன்கிழமை. புது நேரத்தில், 11 மணிக்கு. அதற்கு முந்தைய நாள் செவ்வாய்க்கிழமை அதே நேரத்தில் கேன்களில் வெறும் தண்ணீர் நிரப்பி ஓர் ஒத்திகை பார்க்கிறோம். டிரைவர், செக்யூரிட்டி, ஆபரேட்டர் மூன்று பேரும் வருகிறார்கள், நானும் இருப்பேன். நேரம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம், ராம்புக்கு மேலே நின்று.

தலைவர் அவர்கள் இப்போது நான்காவது தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம்.

(ஆசிரியர் குழு: தீர்மானம் 4 கைவிடப்பட்டது. இனி ஹைப்போ டெலிவரி நாட்களில் காலை 11 முதல் 12 வரை பி பிளாக் ராம்ப் மூடியிருக்கும். அந்த நேரத்தில் வண்டி எடுக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே வெளியே நிறுத்திக்கொள்ளவும்.)